மாசமா இருக்கும் தோழிக்கு மனசு லேசாகச் சில குறிப்புகள்

பெருங்களத்தூர்ப் பக்கம் குடியிருக்கும் நிறையப் பெண்களுக்குத் தாய்வீடு தெற்கே இருக்கிறது. திருநெல்வேலி, மதுரை, விருதுநகர் என்று ஆளுக்கொரு ஊர். பிழைப்புக்காக இங்கே வந்து, முடிச்சூர் ரோட்டிலோ பீர்க்கன்காரணையிலோ வாடகைக்கு வீடு பிடித்திருப்போம். வீட்டுக்காரர் காலையில் ரயிலேறினால் திரும்பி வர ராத்திரி ஆகிவிடும். இந்த நிலைமையில் முழுகாமல் இருந்தால், வாந்தியைவிடப் பெரிய தொந்தரவு பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்து கண்டதையும் யோசிப்பதுதான். "பயப்படாதே, தைரியமா இரு" என்று சொல்லி யாருக்கும் பயம் போனதில்லை. யார் எப்போது கூட இருப்பார்கள் என்று முன்னாடியே பேசி வைத்துவிட்டால் பயம் தானாகக் குறையும், அதற்குப் பெரிய செலவும் கிடையாது. கர்ப்பமாக இருக்கும் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்காவது மனச்சோர்வு மாதிரி ஏதாவது மனநலத் தொல்லை வருகிறது, வளரும் நாடுகளில் அது பதினைந்தையும் தாண்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆகவே கூச்சப்பட ஒன்றுமில்லை தோழிகளே, வாருங்கள்.

1. "பயமா இருக்கு" என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. ஒரு தாளை நான்காக மடித்து, டாக்டரிடம் கேட்க வேண்டியது, பணம் வேண்டியது, ஆள் வேண்டியது, நம் கையில் இல்லாதது என்று பிரித்து எழுதிப் பாருங்கள். முதல் மூன்று கட்டத்தில் உள்ளதை வாரத்துக்கு ஒன்றாக அடித்துக்கொண்டே வரலாம்.

2. வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், இரண்டே நிமிஷத்தில் கேட்க வந்ததெல்லாம் மறந்துவிடும். செக்கப் ஃபைலுக்குள்ளேயே ஒரு சின்ன நோட்டைச் செருகி, சந்தேகம் வந்த அன்றே எழுதிவையுங்கள். கூட வருபவர் வாசிக்கட்டும், டாக்டர் சொல்லும் பதிலையும் அவரே குறித்துக்கொள்ளட்டும்.

3. ராத்திரி படுக்கையில் போனை வைத்துக்கொண்டு "இப்படி வலித்தால் ஆபத்தா" என்று தேடுவதை நிறுத்திவிடுங்கள். ஒரு வீடியோ பார்த்தால் அதைவிடப் பயங்கரமான பத்து வீடியோ தானாக வரும். போனை ஹாலிலேயே சார்ஜில் போட்டுவிட்டு, சந்தேகத்தைக் காலையில் நோட்டில் எழுதினால் போதும். நிஜமாகவே வலியோ கசிவோ இருந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள்.

4. அம்மாவுக்கு நினைத்தபோதெல்லாம் போன் செய்வதைவிட, தினமும் ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அவர்களும் சீரியல், சமையல் எல்லாம் முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள், நமக்கும் அந்த நேரம் வரை தாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பிடிப்பு இருக்கும். எழுதப் படிக்கச் சிரமப்படும் அம்மா, அத்தைக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். தூக்கம் வராத ராத்திரியில் அதையே இன்னொரு தரம் போட்டுக் கேட்கலாம்.

5. மூன்று பேரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: பகலில் கூப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் வரக்கூடியவர், நடுராத்திரியில் எழுப்பினாலும் கோபப்படாதவர், வண்டி எடுக்கக்கூடியவர். மூன்றும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவர்களிடம் நேரிலேயே போய், "அக்கா, ஏழு மாசம் ஆகுது. அவர் இல்லாத நேரத்துல ஏதாவதுன்னா உங்களைத்தான் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். இப்படி வாய்விட்டுக் கேட்டால் யாரும் மாட்டேன் என்பதில்லை. கேட்காமலே எதிர்பார்த்துவிட்டு, அப்புறம் வரவில்லை என்று மனசில் வைத்துக்கொள்வதுதான் நம் பழக்கம்!

6. வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டிலோ ஹவுஸ் ஓனர் அம்மாவிடமோ கொடுத்துவையுங்கள். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று பயப்படுபவர்கள், பகலில் தாழ்ப்பாளை விட்டுவிட்டுப் பூட்டு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

7. தெரிந்த ஆட்டோ அண்ணன் இரண்டு பேர் நம்பரை வாங்கி, சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே 108, ஆஸ்பத்திரி நம்பர், உங்கள் பிளட் குரூப், பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பப் பதிவு எண், அடுத்த குறிப்பில் வருகிறது). போனைத் தேடித் திறந்து பார்க்கும் பதற்றம் மிச்சம், பார்க்க வந்த ஆளே கூப்பிட்டுவிடலாம்.

8. தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினாலும் பிக்மி பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த நம்பர் வேண்டும். 102-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள், உங்கள் பகுதி சுகாதார நர்ஸிடமும் பதியலாம். இதில் இன்னொரு லாபம் உண்டு. பதிந்த பிறகு உங்கள் பெயர் ஒரு நர்ஸின் லிஸ்டில் வந்துவிடும், "எப்படிம்மா இருக்கே?" என்று விசாரிக்க ஒரு ஆள் கூடும்.

9. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான செக்கப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று பாராமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "உங்களுக்கு எத்தனையாவது மாசம்?" என்று பேச்சுக் கொடுங்கள். உங்களுக்கும் அவருக்கும் ஒரே மாதத்தில் டியூ டேட் என்றால் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். கால் வீக்கம், நெஞ்செரிச்சல் எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வரும். "எனக்கும் இப்படித்தான் இருக்கு" என்று அவர் சொல்வதில் வரும் நிம்மதி வேறு யார் சொன்னாலும் வராது. இது போக, ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கர்ப்பிணிப் பரிசோதனை செய்யும் மத்திய அரசுத் திட்டம் 2016-லிருந்து நடக்கிறது.

10. எல்லாச் சோர்வும் மனசால் வருவதில்லை. ரத்தசோகை இருந்தாலும் தைராய்டு சரியில்லை என்றாலும் அழுகையும் எரிச்சலும் படபடப்பும் வரும். "எனக்குத் தெம்பே இல்லை" என்று டாக்டரிடம் சொல்லி, அந்த இரண்டு டெஸ்ட்டும் எடுத்தாயிற்றா என்று ரிப்போர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. பணக் கவலைக்கு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமாக 14,000 ரூபாயும், 4,000 ரூபாய் மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கும். 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான், பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். பணம் தவணை தவணையாகத்தான் வரும், அதை நம்பிக் கைமாற்று வாங்கிவிடாதீர்கள்.

12. பெட்டகத்தில் வரும் மாவும், அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவும் வாடை பிடிக்கவில்லை என்று மூலையில் கிடக்க வேண்டாம். இரண்டு ஸ்பூனை நெய்யில் வறுத்துத் தோசை மாவில் கலந்துவிட்டால் மசக்கைக்காரிக்கும் தெரியாது. அங்கன்வாடிக்கு நீங்களே நடந்து போய் வாங்கினால், வாரத்துக்கு ஒருமுறை வெளியே போய் நாலு பேரிடம் பேசியதாகவும் ஆச்சு.

13. ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு: செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி நம் ஸ்டேஷனுக்கு வரும்போதே நிரம்பிவிடும். ஒரே ஸ்டேஷன் போய்த் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து கிளம்பும் பீச் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறினால் உட்கார்ந்தே போகலாம். பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்ப வேண்டும், மேம்பாலப் படிக்கட்டு ஏறி இறங்கவும் வேண்டும். கடைசி மாதங்களில் இது சரிப்பட்டு வருமா என்று உங்கள் உடம்பைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஏறியதும் "மாசமா இருக்கேன், கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். ஆறாம் மாதம் வரைகூடச் சிலருக்கு வயிறு தெரியாது, தெரியாமல்தான் எழுந்திருக்க மாட்டார்கள்.

14. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இதை வைத்து, கூட வருபவருக்கும் செலவில்லை என்று ஒரு அக்காவைச் செக்கப்புக்குத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஆட்டோவுக்குப் போகும் காசை மிச்சம் பிடித்து, திரும்பும்போது இரண்டு பேரும் இளநீர் குடியுங்கள்.

15. சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்க்கும் தங்கச்சிகளுக்கும் மற்ற கம்பெனிக்காரர்களுக்கும்: வேலை போய்விடுமோ என்ற பயம்தான் இங்கே பெரிய பயம். 1961-ம் வருஷத்து மகப்பேறு பயன் சட்டத்தை 2017-ல் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்று ஆக்கியிருக்கிறார்கள். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். டியூ டேட்டுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். விடுப்பில் இருப்பவரை அதைக் காரணமாக்கி வேலையைவிட்டு நீக்கக் கூடாது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு இந்தப் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும். விடுப்பை வாய்ப்பேச்சில் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் பீரோவில் இருந்தாலே பாதிக் கவலை விடும்.

16. வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாச் செக்கப்புக்கும் லீவு போட்டுத் தீர்த்துவிடாதீர்கள், தனியார் கம்பெனியில் அப்பாக்களுக்குத் தனி லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஸ்கேன் நாளுக்கும், குழந்தை பிறந்த பிறகு முதல் இரண்டு வாரத்துக்கும் எடுத்துவையுங்கள். மற்ற நாளில் சாயங்காலம் வந்ததும் "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டு, நோட்டைத் திறந்து பார்த்தாலே அவளுக்குப் போதும்.

17. அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கும் நேரத்தில் ஒரு பயிற்சி. ஒரு கையை வயிற்றில் வைத்து, மனசுக்குள் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பால் பொங்கி வருவதற்குள் பத்துத் தரம் முடியும், படபடப்பும் இறங்கியிருக்கும்.

18. தூக்கம் வரவில்லை என்றால் மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்குவதும், யாரோ சொன்ன கஷாயம் குடிப்பதும் வேண்டாம். சித்த மருந்துதான் பிடிக்கும் என்றால் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, படித்த டாக்டரிடமே கேட்கலாம். மத்தியானத்துக்கு மேல் காபியை நிறுத்தி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு பழைய தலையணையை வைத்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்.

19. சாயங்காலம் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடங்கள், கீழ்வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கொசு கடிக்க ஆரம்பிக்கும் முன்னால் இறங்கிவிட வேண்டும், நம் ஊர் ஏரிக்கரைக் கொசுவைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! எப்போதாவது ஒரு மாறுதலுக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகலாம், நிழலான சமதளப் பாதை, கால் வலித்தால் பேட்டரி வண்டியும் உண்டு. டிக்கெட் விலை முன்போல் இல்லை, அதனால் அடிக்கடி கட்டுப்படியாகாது. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. நமக்கும் அன்றைக்குச் செக்கப்.

20. "வயிறு சின்னதா இருக்கே", "முகம் கறுத்திருக்கு, நிச்சயம் பையன்தான்" என்பவர்களுக்குப் பதில் தயாராக இருக்கட்டும். "டாக்டர் எல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்க அத்தை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். ஸ்கேனில் என்ன குழந்தை என்று கேட்டு வரச்சொல்பவரிடம், "அதைச் சொல்லக் கூடாதுன்னு 1994-லயே சட்டம் போட்டாச்சு சித்தி, கேட்டா நம்மளத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க" என்றால் அடுத்த முறை கேட்க மாட்டார்கள்.

21. பார்க்க வருபவர்கள் அடுத்த வீட்டுப் பிரசவத்தில் நடந்த விபரீதத்தை விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினால், "அக்கா, குழந்தை பொறந்தப்புறம் சொல்லுங்க, அப்ப கேட்டுக்கறேன்" என்று நிறுத்திவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் பாத்ரூமுக்கு எழுந்து போங்கள். இந்த நாட்களில் பாத்ரூம் போவதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

22. பார்க்கப் போகிறவர்களே, ஸ்வீட் பாக்கெட் வேண்டாம். ஒரு கட்டு முருங்கைக்கீரையை வாங்கி, காம்பு கிள்ளி, பழுப்பு பொறுக்கி, ஆய்ந்து ஒரு செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போங்கள். குனிந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் கீரை ஆய முடியாமல்தான் நிறையப் பேர் அதைச் சமைப்பதையே விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் அங்கே போய் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஆயுங்கள். கை வேலையில் இருக்கும்போதுதான் மனசில் உள்ளது வாய்க்கு வரும். எதிரே உட்கார்ந்து "என்ன கவலை, சொல்லு" என்று கேட்டால் "ஒண்ணுமில்லைக்கா" என்றுதான் பதில் வரும்.

23. மாமியார் கூட இருக்கும் வீட்டில், அவரிடம் ஆலோசனை கேட்பதற்குப் பதில் ஒரு வேலையை ஒப்படைத்துப் பாருங்கள். "அத்தை, மாத்திரை நேரத்தை நீங்கதான் பார்த்துக்கணும்" என்றால் அவருக்கும் உரிமை, உங்களுக்கும் நிம்மதி. அவர் பிரசவித்த காலத்து வழக்கம் எதையாவது டாக்டர் வேண்டாம் என்றிருந்தால், அதை நீங்கள் சொல்லாமல் செக்கப்புக்கு அவரையே கூட்டிப்போய் டாக்டர் வாயால் கேட்கவையுங்கள்.

24. முன்னால் ஒரு கர்ப்பம் கலைந்தவர்களுக்கு இந்த முறை ஒவ்வொரு வாரமும் ஒரு மலைதான். எப்போது எல்லோருக்கும் சொல்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், ஆனால் ஒரே ஒரு ஆளிடமாவது முதல் நாளிலிருந்து சொல்லி வைத்திருக்கட்டும். "போனது போகட்டும்" என்று ஆறுதல் சொல்லாமல், போன தடவை எந்த வாரத்தில் நடந்ததோ அந்த வாரத்தில் போய்க் கூட இருங்கள்.

25. காதல் கல்யாணம் செய்து இரண்டு வீட்டாரும் பேசாமல் இருக்கும் பெண்கள் நம் தெருவில் இல்லாமல் இல்லை. அப்படி ஒருத்தி மாசமாக இருப்பது தெரிந்தால், நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஆளுக்கொரு கலந்த சாதம் செய்து, கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுவிடுங்கள். தாம்பரம் சண்முகம் ரோட்டுப் பக்கம் வளையல் கொள்ளை மலிவு. அவளுடைய கண் கலங்கல் பயத்தால் அல்ல, வீட்டில் அடி உதையால் என்று தெரிந்தால் 181 பெண்கள் உதவி எண்ணை அவளுக்குக் கொடுங்கள். எழுதிக் கொடுக்காமல் மனப்பாடம் செய்யச் சொல்வது நல்லது.

26. வேலைக்காக வடக்கிலிருந்து வந்து பக்கத்து போர்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு நம்மைவிடத் துணை குறைவு. பாஷை தெரியாவிட்டாலும் ஒரு கிண்ணம் ரசத்தோடு கதவைத் தட்டலாம். செக்கப்பில் நர்ஸ் சொல்வது புரியாமல் முழிப்பார்கள், உங்கள் வீட்டு ஹிந்தி தெரிந்த பிள்ளையை ஒரு நாள் அனுப்பினால் பெரிய உபகாரம்.

27. வளைகாப்பை மண்டபம், மேக்கப், போட்டோ என்று கடன் வாங்கிச் செய்துவிட்டு, அந்தக் கடனை நினைத்துத் தூக்கம் கெடுவது வேண்டாம். வீட்டு ஹாலே போதும். வருபவர்களிடம் பரிசுக்குப் பதில், "பிரசவத்துக்கப்புறம் ஒரு நாள் சாப்பாடு உங்களுது" என்று கேட்டு, யார் எந்த நாள் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடிகள் மூலம் அரசே நடத்தும் சமுதாய வளைகாப்பிலும் பேர் கொடுக்கலாம். புடவை, வளையல், கலந்த சாதம் எல்லாம் உண்டு, வெட்கப்பட என்ன இருக்கிறது?

28. தலைப்பிரசவம் அம்மா வீட்டிலா, இங்கேயா என்று ஆறாம் மாதத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள், இழுபறியே பாதிக் கவலை. அங்கே போவதானால் நீண்ட பயணத்துக்கு டாக்டர் சம்மதம் கேட்டு, இங்குள்ள நர்ஸிடமும் அங்குள்ள நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள், பிக்மி நம்பர் ஒன்றேதான். இங்கேயே பிரசவம், அம்மா வருகிறார்கள் என்றால் முன்போலப் பெருங்களத்தூரில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக் கிளம்பிவிடப் போகிறார்கள். தெற்கத்தி பஸ்ஸெல்லாம் இப்போது, 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு சரி. விடியற்காலையில் மூட்டை முடிச்சோடு தடுமாறாமல், தாம்பரத்தில் நிற்கும் ரயிலில் டிக்கெட் போட்டுவிடுங்கள்.

29. டியூ டேட் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருகிறதா? அப்படியானால் மழைக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது ராமாபுரத்தில் ஒரு நிறைமாதப் பெண்ணை விமானப்படை ஹெலிகாப்டர் மொட்டை மாடியிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது, இரண்டொரு நாளில் அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. நமக்கு அந்தச் சாகசமெல்லாம் வேண்டாம்! தண்ணீர் நிற்கும் தெருவில் இருப்பவர்கள் கடைசி இரண்டு வாரத்துக்கு மேட்டுப் பகுதியில் ஒரு சொந்தக்காரர் வீட்டைப் பேசிவையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நாள் நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள், நர்ஸிடம் நீங்களே கேட்கலாம். ஃபைல், ரிப்போர்ட் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும்.

30. ஏழாம் மாதம் முடிந்ததும் பிரசவப் பையை ஒரு தோழியோடு சேர்ந்து அடுக்குங்கள். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியை முன்கூட்டி வாங்குவதில்லை என்று பலர் வீட்டில் வழக்கம், அதுவும் மிச்சம்தான். தாத்தாவின் பழைய பருத்தி வேஷ்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து மடித்துவைத்தால் அதைவிட மெத்தென்று எதுவும் கிடையாது. பை தயாராகிக் கதவோரம் வந்துவிட்டால் "திடீர்னு வலி எடுத்தா என்ன செய்றது" என்ற புலம்பல் தானாக நிற்கும்.

31. பிரசவ அறையில் கூட ஆள் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது, மத்திய அரசு 2016-ல் எல்லா மாநிலத்துக்கும் சொன்னது. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கடைசிவரை ஒருவர் கூட இருந்தவர்களுக்கு வலி நேரமும் சிசேரியனும் குறைவாக இருந்திருக்கிறது. காசு செலவில்லாத மருந்து இது! யாரை அனுமதிப்பார்கள் என்று எட்டாம் மாதமே உங்கள் ஆஸ்பத்திரியில் கேளுங்கள். துணைக்கு வருபவர் ரத்தம் பார்த்தால் மயங்குகிற ஆளாக இல்லாமல், முதுகு நீவிவிட்டு, தண்ணீர் கொடுத்து, அதிகம் பேசாமல் இருப்பவராகப் பாருங்கள்.

32. குழந்தை அசைகிறதா என்று நாள் முழுக்கக் கவலைப்படுவதற்குப் பதில், கடைசி மூன்று மாதத்தில் தினமும் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் இடது பக்கம் படுத்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, ரத்தம், நீர்க்கசிவு, விடாத தலைவலி, கண் மங்கல் இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தாலும் அது வீண் அலைச்சல் ஆகாது.

33. சாதாரணக் கவலைக்கும் வைத்தியம் தேவைப்படுவதற்கும் வித்தியாசம் தெரிய ஒரு அளவு: இரண்டு வாரமாக முக்கால்வாசி நேரம் அழுகை, பிடித்த எதிலும் மனசு ஒட்டாமை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமை, நெஞ்சு அடைப்பது மாதிரிப் பயம். பத்தே கேள்வியில் இதைக் கண்டுபிடிக்கும் எடின்பரோ கேள்வித்தாள் 1987-ல் வந்தது. அதன் தமிழ் வடிவத்தையும் நம் வேலூரில் சரிபார்த்து 2005-ல் வெளியிட்டிருக்கிறார்கள். டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். வாய் திறந்து சொல்ல முடியாதவர்கள் டிக் அடித்துக் காட்டிவிடலாம்.

34. 14416 என்ற நம்பரை இன்றே போனில் சேமியுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், வேறு பாஷைகளிலும் உண்டு. செத்துவிடலாம் போலிருக்கிறது என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒருத்திக்கு நினைப்பு வந்தால் அவளைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சினேகா அமைப்பும் 044-24640050-ல் இப்படிப்பட்டவர்களின் பேச்சைக் கேட்கிறது.

35. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிட்டு வருபவர்கள், நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். எதைத் தொடரலாம், எதை மாற்றலாம் என்று டாக்டர் சொல்வார். பிரசவ டாக்டரிடம் மறைப்பதும் கூடாது.

36. கோவாவில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். படித்த டாக்டர் இல்லை, அதே ஊரில் பிள்ளை பெற்று வளர்த்த சாதாரணப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, 'சகி' என்று பேர் வைத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் போய்ப் பேசிவந்த பெண்களில் தேறியவர்கள் கூடுதல் என்று 2019-ல் ஆய்வு வெளியானது. பயிற்சி இல்லாவிட்டாலும் நம் அபார்ட்மென்ட்டிலும் ஒன்று செய்யலாம்: பிள்ளை பெற்றவர் ஒருவர், மாசமாக இருப்பவர் ஒருவர் என்று ஜோடி சேர்த்துவிடுங்கள், வாரம் ஒரு நாள் டீ.

37. பிறந்த முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். "பச்சை உடம்புக்காரி அழக் கூடாது" என்று அதட்டாமல், ஒரு நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் முன்னே சொன்ன 33-ம் குறிப்பு.

38. சாப்பாடு கொடுத்தனுப்புபவர்கள் ஹோட்டல் பார்சலில் வரும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவிச் சேர்த்துவைத்து, ஆறிய குழம்பையும் பொரியலையும் அதில் அனுப்புங்கள். சூடாக அனுப்ப எவர்சில்வர்தான் வேண்டும் என்றால் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் எந்தப் பாத்திரம் யாருடையது என்று உட்கார்ந்து தேட யாருக்கும் நேரம் இருக்காது.